மாத்து ஷிப்ட்

"எவங்கிட்டயும் போயி நிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், திரும்பத் திரும்ப அதையே—"

"நிக்க வாணாம், உக்காந்துகிட்டே கேளு. நாளு கெழமையில உன்ன வேலைக்கு அனுப்பிட்டு வீட்டுல சாப்டவங்கதான, அவுங்க—"

"பெலிசி, மொதல்ல அந்த கிரைண்டர நிறுத்து. நான் பேசறது எனக்கே—"

"நிறுத்த மாட்டேன். உளுந்து பாதியில நிக்குது. நீ பேசு, எனக்குக் கேக்குது."

"தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும். தெருவுல யாருக்குத் தெரியாது? தீவாளின்னா ஒருத்தனுக்கு, காது குத்துன்னா ஒருத்தனுக்கு. மச்சான் மச்சான்னு ஒரு போன் வந்தாப் போதும், டிபன் கேரியரத் தூக்கிகிட்டுக் கெளம்பிருவ. இப்ப எங்க அந்த மச்சானுங்க?"

புருசன் சவரிராயன் எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினான். கல் அது பாட்டுக்குச் சுற்றியது. பெலிசியா தண்ணீரை உள்ளங்கையில் எடுத்துத் தெளித்து, விளிம்பில் ஏறின மாவை வழித்து உள்ளே தள்ளினாள். கடலூர் முதுநகரில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு இட்லி மாவு அவள் கையால்தான். கத்திரி முடிந்தும் வெயில் முடியாத ஆனி மாதம். காலையில் ஆட்டியது மத்தியானத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளும். புளித்த மாவை எந்தப் பொம்பளையும் வாங்க மாட்டாள். அதனால் என்ன சண்டை நடந்தாலும் கை நிற்காது அவளுக்கு.

சிப்காட்டில் சாயத்துக்கு வேண்டிய மருந்து காய்ச்சுகிற கம்பெனியில் சவரிராயனுக்கு வேலை. கம்பெனி கைமாறிவிட்டது. வாங்கின பம்பாய்க்காரர்கள் ரெண்டாவது பிளான்ட்டை மூடுகிறோம், செக்ஷனுக்கு ஒரு சூப்பர்வைசர் ஜாஸ்தி என்றார்கள். அவன் செக்ஷனில் சூப்பர்வைசர் நாலு பேர். அதில் ஒருத்தர் போகணும். தொழிலாளி என்றால் கடைசியாக வந்தவன் முதலில் போகணும் என்று ஒரு முறை உண்டு. கேட்க யூனியன் உண்டு. சவரிராயனைத்தான் சூப்பர்வைசர் ஆக்கி, ஸ்டாஃப் கணக்கில் தூக்கி வைத்துவிட்டார்களே. அன்றைக்குப் பெலிசியா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஸ்டாஃப் என்றால் யூனியன் இல்லை, மார்க்குதான். வேலைத் திறமைக்கு இவ்வளவு, மேனேஜர் சொல்வதற்கு இவ்வளவு, ஒழுங்காக வந்துபோனதற்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, கடைசியில் நிற்கிறவரை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கடைசியில் நின்றது சவரிராயன். வேலையில் குறையில்லை. வந்துபோன கணக்கில் அடிபட்டுவிட்டது.

"அந்த ஹெச்ஆர் பொண்ணு இன்னா சொல்லிச்சி? திருப்பிச் சொல்லு."

"எத்தினி வாட்டி சொல்றது? போட்ட ஷிப்டுக்கு வரல, போடாத ஷிப்டுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லிச்சி. கேட்டுல மூஞ்சக் காட்றமில்ல, அந்த மிஷினு எல்லாத்தையும் வச்சிகினு கீது."

"போடாத ஷிப்டுக்கு ஒருத்தன் வேலைக்கு வந்தா அது தப்பா? சம்பளம் புடிக்கலியே இத்தினி நாளும்."

"டைம் ஆபீஸ்ல மாசக் கடைசியில மொத்த ஷிப்டு சரியா இருக்குதான்னு பாப்பாங்க. சரியாயிருந்தா விட்ருவாங்க. இப்ப மார்க் போட்டது இங்க இல்ல, பம்பாயில. அவன் நாளப் பாக்கறான். இன்னிக்கு இவனுக்கு டூட்டி, இவன் வரல, அவ்ளோதான் அவனுக்குத் தெரியும்."

"மத்தவங்களும் மாத்திக்கிட்டாங்கல்ல?"

"அவுங்க ஆளுக்கு நாலு வாட்டி எங்கிட்ட மாத்திக்கிட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் மாத்திக்கிட்டேன். எல்லார்து சேந்து எம் பேர்ல நிக்குது."

பெலிசியா கிரைண்டரை நிறுத்தினாள். உளுந்து ஆகிவிட்டது.

"அப்ப அவுங்க வந்து சொல்லட்டும். ஆமாம்மா, அது என் நாளு, எனக்காகத்தான் இவரு வந்தாருன்னு. ஒரு வாரத்துக்குள்ள நேர்ல வந்து சொல்லலாம்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சில்ல?"

"சொன்னா அவனுக்கு மார்க் போவும். ஒருத்தன் போயே ஆவணும் பெலிசி. நான் எழுந்தா அந்த எடத்துல இன்னொருத்தன் உக்காரணும். எனக்கு அடுத்து யாரு தெரியுமா? மணவாளன்."

"அதனால?"

"அதனாலதான். உடு."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். பெலிசியா உளுந்து மாவை அள்ளி அரிசி மாவோடு கொட்டி, உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுக் கலந்தாள். அந்தக் கலக்கலில் மாவு ரெண்டு பங்காகப் பொங்கியிருக்கும்.

மறுநாள் காலை விற்பனை முடிந்ததும் ஜெனித்துக்குப் பருப்புப் பொடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். மகள் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பொய் இல்லை, பொடி பையில் இருந்தது. ஆனால் சிதம்பரத்தில் இறங்கினவள் பல்கலைக்கழகம் பக்கம் திரும்பவில்லை. கீழ வீதிப் பக்கம் நடந்தாள். தேரடியில் ஒரு தேரின் மேல் ஆட்கள் ஏறி மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருமஞ்சனத் தேர் கிட்டத்தில் வருகிறது. பார்த்ததும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தேருக்கும் மார்கழித் தேருக்கும் தவறாமல் மணவாளனுடைய ஷிப்டைப் பார்த்தது சவரிராயன்தான். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம் மணவாளனுடையது. அப்பா போட்டார், இப்போது இவன். கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்துத்தான் அம்மாம் பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும்.

சவரிராயனுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு என்பதையும் அவள் நினைக்காமல் இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற நாட்களில் அவன் ஷிப்டுக்கு மணவாளன்தான் வருவான்.

வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மணவாளன் பெண்சாதி கனிமொழி அடுப்பில் கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். பெலிசியாவைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்து, மெதுவாகப் பேசும்படி கையைக் காட்டினாள்.

"வாங்கக்கா. அவுரு நைட் பாத்துட்டு வந்து படுத்திருக்காரு."

"எழுப்ப வாணாம். உங்கிட்டயே சொல்றேன்."

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். அண்ணன் வந்துட்டுப் போனதுமே, பின்னாடி நீங்களும் வருவீங்கன்னு நெனச்சேன்."

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டு அண்ணன்தான். முந்தாநாள் சாயந்தரம் வந்தாரே. உங்களுக்குத் தெரியாதா?"

பெலிசியா முக்காலியில் உட்கார்ந்தாள். முந்தாநாள் சாயந்தரம் மாதா கோயில் அன்பியக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான் அந்த மனுசன். ஜெபம் நீண்டுபோச்சி என்று லேட்டாக வந்து ரெண்டு தோசை தின்றான்.

"வந்து இன்னா சொன்னாரு?"

"வாயத் தொறக்காதன்னு சொன்னாரு. 'மச்சான், எவன் கேட்டாலும் நீ ஒன்னியும் சொல்லாத. நான் போனேன்னா ஒரு ஆளோட முடிஞ்சிடும். நீ பேசினா எனக்கு பதிலு நீ போவ. உனக்குப் பையன் சின்னப் புள்ள.' இதான் சொன்னாரு. காப்பிகூடக் குடிக்கல."

"அதுக்கு உங்க வீட்டுக்காரரு?"

"தலையாட்டினாரு. வேற இன்னா பண்ணுவாரு?"

அடுப்பில் கத்திரிக்காய் அடிபிடிக்கிற வாசனை வந்தது. கனிமொழி எழுந்துபோய்க் கிளறினாள். திரும்பி வரும்போது அவள் குரல் மாறியிருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் நல்ல மனசோட சொன்னாரு. ஆனா அதுக்கப்புறம் இந்த மனுசன் தூங்கல. சோத்துல கைய வச்சா வச்சபடி இருக்காரு. நேத்து தேர்க்காரங்க வந்து கூப்ட்டாங்க. இந்த வருசம் நான் வரல, வேற ஆளப் பாருங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. எனக்கு கல்யாணம் ஆன நாள்லருந்து தேருக்குப் போவாம இருந்ததே இல்ல. நல்லவங்களா இருக்கறதுன்னா நீங்களே இருந்துக்குங்க, எங்கள ஏன் கெட்டவங்களா ஆக்கறீங்க?"

"நான் இன்னாடி பண்ணேன்? நான் கேக்கத்தான வந்தேன்."

"கேளுங்க. கேக்காம இருக்கறதுதான் கஷ்டமா இருக்குது."

கேட்க வந்தவளுக்கு இப்போது கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கத்திலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'உன் நாளுன்னு நீ சொல்லு' என்று நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று. இந்த வீட்டில் ஒரு பையனுடைய புத்தகப்பை ஆணியில் தொங்கியது.

"கேக்க இன்னா இருக்குது கனி," என்றாள். "ஒருத்தன எழுப்ப இன்னொருத்தன உக்கார வைக்கணுமாம். நல்லா வச்சானுங்க கணக்கு."

"நான் தூங்கல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மணவாளன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். கண் ரெண்டும் சிவந்திருந்தது. "வாங்கம்மா. அவன் எனக்குப் பாத்த நாளு எனக்குத் தெரியும். நான் போயி சொல்லலாம்னு நேத்து பகல்ல ஹெச்ஆர் ரூமு வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் வந்துட்டேன்."

"ஏண்ணே?"

"பயம்தான். பொய் சொல்வானேன்."

கனிமொழி கத்திரிக்காய் கொத்சைக் கிண்ணத்தில் ஊற்றி, ரெண்டு இட்லியோடு பெலிசியா கையில் கொடுத்தாள். பெலிசியா இட்லியைப் பிட்டுப் பார்த்தாள்.

"உளுந்து கம்மி."

"உங்க ஊரு உளுந்து இங்க கெடைக்காது."

"கெடைக்கும். நீ ஊற வைக்கறது ஜாஸ்தி." ஒரு வாய் தின்றுவிட்டுக் கேட்டாள்: "நீங்க ஒருத்தர் போயி சொன்னா உங்க தலை போவும். நாலு பேரும் போயி சொன்னா யார் தலை போவும்?"

மணவாளன் யோசித்தான். "ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்ட போட்டா தேரு அந்தப் பக்கமா இழுத்துடும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போடணும்."

"பாத்தீங்களாக்கா, எதக் கேட்டாலும் தேரு," என்றாள் கனிமொழி. "கம்பெனியில கூட இப்டித்தான் பேசுவாரா?"

"இல்ல, கேளு. நாலு பேரும் மாத்திக்கிட்டோம்னு நாலு பேரும் சொன்னா, வந்துபோன மார்க்கே பொய்யின்னு ஆயிடுது. எனக்கும் பொய், அவனுக்கும் பொய். அத்தத் தூக்கிட்டுத்தான் மறுபடி பாக்கணும்."

"பாத்தா?"

"பாத்தா யாரு கடைசின்னு தெரியாது. நானாவும் இருக்கலாம்." அவன் கனிமொழியைப் பார்த்தான். கனிமொழி அவனைப் பார்க்காமல் இன்னொரு இட்லியைப் பெலிசியா தட்டில் வைத்தாள்.

"வேலை தெரியாதவர்னு உங்கள அனுப்பினா அனுப்பட்டும்," என்றாள். "தேருக்குப் போனதுக்காக இன்னொருத்தருக்கு வேலை போவ வாணாம். போயி உங்க செக்ஷன் கோவிந்தசாமி அண்ணனுக்கு போனப் போடுங்க."

பெலிசியா ஹாஸ்டலுக்குப் போய்ப் பொடியைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ரெண்டு நாள் கழித்து, ஒரு காலையில் நாலு பேரும் ஹெச்ஆர் ரூமுக்குப் போனார்கள். சவரிராயனை இழுத்துக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். போகும்போது அவன் வாசலில் நின்று பெலிசியாவை முறைத்தான்.

"ஹாஸ்டலுக்குப் போறேன்னுதான சொன்ன?"

"நீ அன்பியத்துக்குப் போறேன்னுதான சொன்ன?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். பெலிசியாவுக்கு அன்றைக்கு எதுவும் ஓடவில்லை. மாவு வாங்கிப்போன ஜெயராணி, "இன்னாக்கா, உப்பே இல்ல," என்று திருப்பிக் கொண்டுவந்தாள். "வீட்டுல போட்டுக்க, உன் வீட்டுல உப்பு இல்லியா?" என்று எரிந்து விழுந்து, பிறகு கூப்பிட்டு ஒரு கரண்டி கூட ஊற்றி அனுப்பினாள். வெயில் ஏற ஏற மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது.

கடல்காற்று திரும்புகிற நேரத்துக்கு ரெண்டு பைக் வந்து நின்றன. முன்னால் இறங்கியது ஆன்டோ. நாலு பேரில் சின்னவன், போன வருசம்தான் கல்யாணம் ஆனது. பின்னால் கோவிந்தசாமி, ஹெல்மெட்டோடே உள்ளே வந்தார். மணவாளனும் சவரிராயனும் கடைசியில்.

"இன்னா ஆச்சு?" என்றாள் பெலிசியா.

"மொதல்ல தண்ணி குடும்மா," என்றார் கோவிந்தசாமி.

"ஹெல்மெட்ட கழட்டுங்க, அப்பத்தான் குடிக்க முடியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினாள். கனிமொழி தூக்குவாளியில் கொத்சு கொடுத்தனுப்பியிருந்தாள்.

"நான் சொல்றேன்க்கா," என்றான் ஆன்டோ. "நாலு பேரும் உள்ள போனோம். ஹெச்ஆர் அருள்மொழி மேடம் நிமிந்து பாத்துட்டு, ஒருத்தர் ஒருத்தரா வாங்கன்னாங்க. மணவாளன் அண்ணன், 'இல்லம்மா, ஒன்னாத்தான் சொல்லணும்'னாரு. இன்னா சொல்லணும்னாங்க. 'நாங்க எல்லாரும் தப்புப் பண்ணிருக்கோம்'னு இவரு ஆரமிச்சிட்டாரு."

"தப்புன்னு நான் சொல்லல," என்றான் மணவாளன். "மாத்திக்கிட்டோம்னு சொன்னேன்."

"தப்புன்னுதான் சொன்ன," என்றார் கோவிந்தசாமி. "அந்தப் பொண்ணு பேனாவ வச்சிட்டு, 'சார், இந்த வாரம் பூரா எல்லாரும் வந்து அடுத்தவங்களப் பத்தி சொல்லிட்டுப் போறாங்க. உங்களப் பத்தியே நீங்க வந்து சொல்றீங்க'ன்னுச்சு."

"யார் யாரு நாளு யாருக்குன்னு கேட்டாங்க," என்றான் ஆன்டோ. "நாங்க சொல்லச் சொல்ல மிஷின்ல தட்டிப் பாத்தாங்க. தேருக்கு இவரு வரல, சவரி அண்ணன் வந்திருக்காரு. வேளாங்கண்ணிக்கு அவரு வரல, இவரு வந்திருக்காரு. எங்கண்ணன் கல்யாணத்துக்கு நான் வரல, சவரி அண்ணன். 'எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குதே'ன்னாங்க. அப்புறம் மேனேஜருக்கு போன் போட்டாங்க. 'பாலகுமார் சார், இது உங்களுக்குத் தெரியுமா?'ன்னு."

"அவரு?"

"'ரியாக்டர் கிட்ட ஆளில்லாம ஒரு ஷிப்டு கூட நின்னதில்லம்மா, அதுக்கு மேல நான் கேட்டதில்ல'ன்னாரு."

"அது போதும்ல?" என்றாள் பெலிசியா.

"போதாது," என்றான் சவரிராயன். "சொல்லாம மாத்தினதுக்கு நாலு பேருக்கும் வார்னிங் உண்டு. நம்ம செக்ஷனுக்கு வந்துபோன மார்க்க எடுத்துட்டு, மிச்சத்த வச்சி மறுபடி பாக்கச் சொல்லி அந்தப் பொண்ணு பம்பாய்க்கு எழுதுது. அவுங்க சரின்னணும். சரின்னாலும் ஒருத்தர் போறதுன்னா போறதுதான்."

"எழுதறேன்னு சொன்னாளா, எழுதிட்டாளா?"

"எங்க முன்னாடியே தட்டி அனுப்பிச்சிட்டாங்கக்கா," என்றான் ஆன்டோ. "அனுப்பிட்டு, 'இதுக்கு எனக்கு மார்க் கொறையும்'னு சிரிச்சாங்க. ஹெச்ஆருக்கும் மார்க் உண்டாம்."

"அவளுக்கு யாரு போடறது?"

"தெரியல. அவங்களுக்கும் தெரியல."

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "நான் ஒன்னு கேட்டு வச்சிருக்கேன். எனக்கு ரிட்டயர்மென்ட்டு கிட்ட வந்துட்டுது. தானா போறவனுக்கு இன்னா குடுப்பீங்கன்னு கேட்டேன். கேட்டுதான் வச்சேன். போறேன்னு சொல்லல, தெருவுல போயி சொல்லிடாதீங்க."

"நீங்க போயி வீட்டுல உக்காந்தா உங்க வீட்டம்மா உங்கள வெளிய அனுப்பிருவாங்க," என்றாள் பெலிசியா.

"அதான் யோசிக்கிறேன்."

இட்லி வெந்துவிட்டது. ஈரத்துணியோடு தட்டில் கவிழ்த்து, துணியை உரித்து ஆளுக்கு நாலு வைத்தாள். கொத்சு ஊற்றினாள். ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் ஊதிவிட்டுப் போனது. சிப்காட் காற்று அடங்கி, கடல்காற்று உள்ளே வந்தது. சவரிராயன் தன் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து, பேசாமல் மணவாளன் தட்டில் வைத்தான். மணவாளனும் பேசாமல் தின்றான்.

"இனிமே மாத்தக்கூடாதா?" என்றாள் பெலிசியா, கொத்சு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு.

"மாத்தலாமாம்," என்றான் ஆன்டோ. "ரெண்டு பேரும் முன்னாடியே போன்ல கம்பெனி ஆப்புல போட்டு, மேனேஜர் சரின்னுட்டா கணக்குல ஏறிடுமாம். இத்தினி நாளும் அப்டி ஒன்னு இருந்திருக்கு. யாருமே எங்களுக்குச் சொல்லல."

"யாரும் கேக்கவும் இல்ல," என்றார் கோவிந்தசாமி.

என்ன பேச்சு வராமல் நிற்கிறது என்று பெலிசியாவுக்குத் தெரியும். தேரடியில் மூங்கில் கட்டுகிறார்கள். மணவாளன் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டான். வார்னிங் வாங்கி அரை நாள்கூட ஆகவில்லை. சவரிராயன் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பெண்சாதி எதிரில் அவனும் திறக்க மாட்டான். நாலு நாளாக இந்த வீட்டில் கேட்ட சத்தம் அவனுக்கு இன்னும் காதில் இருக்கும்.

பெலிசியா வாளியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, தேரு அன்னிக்கு உங்களுக்கு எந்த ஷிப்டு போட்டிருக்காங்க?"